பாதிக்குப் பாதி

குடல் புற்றுக்கு அறுவை முடிந்து உடம்பு தேறியதும் திரேசியாம்மா நேராகத் தம்பி வீட்டுப் படகுத்துறையில்தான் வந்து இறங்கினாள். பாப்பச்சன் படியில் உட்கார்ந்து கரிமீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தான். அவன் மகள் ஜிஸ்மிக்கு அடுத்த மாதம் மனச்சம்மதம், கல்யாண நிச்சயம். அக்கா எதற்கு வருகிறாள் என்று அவனுக்குத் தெரியும். போனில் அவள் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் வைத்துவிட்டவன்தான்.

"சேச்சி, சாப்பிட வந்தியா, என் வயித்தைக் குடைய வந்தியா?"

"ரெண்டுக்குந்தான். நம்ம அப்பச்சனும் சித்தப்பாவும் இதே வயசுல போனாங்க. சாராயம்னு சொல்லி மூடிட்டோம். நான் ஒரு சொட்டு குடிச்சிருப்பேனாடா?"

டாக்டர் விளக்கியதைச் சொன்னாள். குடலைக் காக்கும் மரபணு ஒன்று அவர்கள் வம்சத்தில் பழுது. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ரத்தத்தில் தெரிந்துவிடும். இருந்தால், அவ்வப்போது குழாய் விட்டுப் பார்த்து, முளைக்கிற கட்டியைப் புற்றாகும் முன்பே எடுத்துவிடலாம்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா? கல்யாணம் முடியட்டும் சேச்சி. அப்புறம் நீ சொல்ற இடத்துல கையை நீட்டறேன்."

அவளால் கோபப்பட முடியவில்லை. ரத்தம் போனதை மூலம் என்று சொல்லி மறைத்தவள்தான் அவளும்.

ஜிஸ்மி பின்னால் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"அப்பா, உங்களுக்கு இல்லேன்னா எனக்கும் இல்ல. நீங்க போகலேன்னா நான் போறேன்."

"உன் வாய்க்கு அந்தப் பையன் பாவம்" என்று சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகக் கோட்டயம் பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

பழுது அவனுக்கும் இருந்தது. குழாய் விட்டதில் இரண்டு கட்டிகள் அகப்பட்டன. இன்னும் புற்றாகவில்லை என்று எடுத்துவிட்டார்கள். வெளியே வந்தவன் மகள் பேரைச் சொல்லி அழுதான்.

அந்த வாரமே ஜிஸ்மியும் ரத்தம் கொடுத்தாள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளையிடம் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை அத்தை மறித்தாள்.

"முடிவு வரட்டுமே மோளே."

"வந்த பிறகு சொன்னா, நல்லதா வந்ததாலதான் சொல்றேன்னு நினைப்பான் அத்தே."

துறையின் கடைசிப் படியில் போய் நின்றாள். அக்காவும் தம்பியும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். வெகுநேரம் பேசினாள். பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடா சொல்றான்?"

"முதுகைப் பாத்து என்ன தெரியும், சேச்சி?"

ஆலப்புழைப் படகு இரைந்துகொண்டு கடந்து போயிற்று. அலை ஏறிப் பாவாடையை முழங்கால்வரை நனைத்தது. அவள் நகரவில்லை. இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.