ஏழின் முனையில் ஒரு பிளவு

பழங்காசுக் கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்ததும் இன்னும் குனிந்து பார்த்தார். வாடிக்கையாளர் கொண்டுவந்த சின்னக் காசில் வருடத்தின் எண்கள் இரட்டையாகத் தெரிந்தன. ஏழின் முனையில் ஒரு பிளவு.

நேற்று அண்ணி காட்டிய காசிலும் அதே இடத்தில் அதே பிளவு இருந்தது. "காசு அடிக்கும்போது மெஷின் ஆடியிருக்கும் அண்ணி, வெறும் சில்லறைதான்" என்று பெரிய மேதாவிபோல் திருப்பிக் கொடுத்திருந்தார். இருபது வருட அனுபவம் என்று வாசலில் போர்டு வேறு. மெஷின் ஆடினால் காசுக்குக் காசு வேறு மாதிரி விழும். இரண்டு காசில் ஒரே பிளவு என்றால் கோளாறு காசு அடிக்கும் அச்சிலேயே இருக்கிறது. அபூர்வமான காசு!

சட்டென்று போனை எடுத்தார்.

"அண்ணி, அந்தக் காசு எங்க?"

"கையிலதான் இருக்கு. மெஷின்ல காசு போட்டுத் துணி துவைக்கிற கடையில நிக்கிறேன். மெஷினுக்கு ஒரு காசு குறைஞ்சுது, அதான்..."

"ஐயோ, போடாதீங்க!"

மறுமுனையில் 'ணங்' என்றது. மெஷின் உறுமத் தொடங்கியது.

"ஏன் தம்பி கத்துறீங்க? வெறும் சில்லறைதான்னு நீங்கதானே சொன்னீங்க?"