இரண்டு பல் தள்ளி

அப்பா வண்டி ஓட்டும்போது தூங்குகிறாரா என்று பார்த்து வரத்தான் அம்மா என்னை அவரோடு அனுப்பினாள். அவரிடம் சொன்ன காரணம் வேறு. "இவ வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறா. ஷெட் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க, கொஞ்சம் காத்தாவது படட்டும்." மெக்கானிக் ஷெட்டில் என்ன காற்று அடிக்கிறது என்று அப்பா கேட்கவில்லை. அவருக்கும் புரிந்திருக்கும்.

எங்கள் கார் என்னைவிட வயதில் மூத்தது. அதில்தான் அப்பா நாலு டீச்சர்களைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடுவார். நான் பாதியில் நிறுத்திய அதே பள்ளிக்கூடம். கொஞ்ச நாளாக வண்டி நடைபாதைப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வண்டி ஒதுங்குகிறது என்று யாரும் சொல்லவில்லை. அப்பா ஒதுங்குகிறார் என்றுதான் சொன்னார்கள்.

பெரிய டீச்சர் அம்மாவுக்கே போன் செய்துவிட்டார். "அவருக்குக் கண்ணு அசருது போலங்க. ரைட்ல திரும்பினப்புறம் இண்டிகேட்டரை அணைக்கவும் மறந்துடறாரு. அது பாட்டுக்கு அடுத்த தெரு வரைக்கும் டிக் டிக்னு அடிச்சுட்டே வருது."

அம்மா போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன். கடையை மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில் இருக்கிறான். கை கழுவிவிட்டு வந்து சொன்னான், "அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா. போதும், ரெஸ்ட் எடுக்கட்டும். வண்டிய நான் பாத்துக்கறேன்." அன்பாகத்தான் சொன்னான். ஒருவரை வேலையிலிருந்து தூக்குவதை இவ்வளவு அன்பாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "மெக்கானிக் ரேடியோகிட்ட காட்டறேன். வண்டில ஒண்ணும் இல்லைன்னு அவன் சொல்லிட்டா சாவிய உங்கிட்ட குடுத்துடறேன்" என்றார்.

"எதுக்குப்பா வீண் அலைச்சல்? நானே பாத்துட்டேன். டயர்ல காத்துகூட கரெக்டா இருக்கு."

"காட்டிட்டு வரேன்டா."

வழி முழுக்க நான் அப்பாவின் கண்களையே பார்த்துக்கொண்டு போனேன். ஒருமுறைகூட அசரவில்லை. ஆனால் அவர் வலது கை, கயிற்றை இழுத்துப் பிடித்ததுபோல ஸ்டீரிங்கைக் கீழ்நோக்கி இழுத்தபடியே இருந்தது. நேரான சாலையில் அப்படி இழுக்க என்ன இருக்கிறது? இத்தனை நாளாக இப்படி இழுத்துத்தான் அவருக்கு ராத்திரி தோள் வலித்திருக்கிறது. அம்மா அதற்கும் வயசு என்றுதான் பெயர் வைத்திருந்தாள்.

ரேடியோ என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். அந்த வாய்க்கு நிறுத்தும் பட்டன் கிடையாது. எங்களைப் பார்த்ததும், "என்னண்ணே, பாப்பாவ கண்டக்டராப் போட்டுட்டீங்களா?" என்றான். நான் தரையில் இருந்த ஆயில் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் அவனே ஓட்டிப் பார்த்தான். ஷெட்டுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச் சாலை. வேகம் பிடித்ததும் இரண்டு கைகளையும் ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினான். யாரோ கூப்பிட்டதுபோல வண்டி இடது பக்கமாக நழுவிப் போனது.

"பாப்பா, நான் முழிச்சுட்டுதான இருக்கேன்? நீதான் சாட்சி. யாருண்ணே உங்களத் தூங்கறீங்கன்னு சொன்னது? வண்டியில்ல தூங்குது!"

அப்பா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம்கூடச் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஷெட்டுக்கு வந்ததும் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினான் ரேடியோ. டயரில் கோளாறு என்றால் இப்போது வலது பக்கம் இழுக்க வேண்டும். மறுபடி ஓட்டிப் பார்த்தோம். அதே இடது பக்கம்தான். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினான், மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். எங்கேயும் ஆட்டம் இல்லை. இறக்கிவைத்து, ஸ்டீரிங்கை நேராக வைத்துவிட்டு, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை ஒரு நூலைக் கட்டினான். வலது பக்கம் அளந்தான், இடது பக்கம் அளந்தான். பிறகு இடது சக்கரத்துக்குப் பின்னால் விரலை நுழைத்துப் பார்த்தான். நுழையவில்லை.

"இந்தச் சக்கரம் ஒரு விரக்கடை பின்னாடி போயிருக்குண்ணே. அடியில இதப் புடிச்சிருக்கற ஆர்ம் வளைஞ்சிருக்கு. எங்கயோ ஏத்தியிருக்கீங்க. சும்மா ஏத்தல, நல்லா ஏத்தியிருக்கீங்க."

"நான் எங்கயும் ஏத்தலையே."

"ஏத்தாம அதுவா வளைய அதென்ன வாழைத்தண்டா? பழசானா மறதி வரும்ணே. மனுஷனச் சொல்லல, பொதுவாச் சொன்னேன்."

அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. தனக்கே சந்தேகம் வந்ததுபோல, எங்கே இடித்தோம் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரேடியோ டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணு இடிக்குதே. ஆர்ம் இவ்வளவு வளைஞ்சா, வண்டி நேராப் போறப்ப ஸ்டீரிங் கோணலா நிக்கணும். இது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிக்குது. எப்படி?" அவனே கேட்டுக்கொண்டு ஹாரன் மூடியைக் கழற்றினான். உள்ளே பெரிய நட்டில் ஸ்பேனர் வழுக்கிய கீறல்கள், புதுசு. ஸ்டீரிங் மாட்டும் தண்டிலும் ஸ்டீரிங்கிலும் நேர் நேராக இருக்க வேண்டிய பெயிண்ட் கோடு ஒன்றுக்கொன்று விலகி நின்றது.

"பாத்தீங்களா! இதக் கழட்டி, தண்டுல இருக்கற பல்லுல ரெண்டு பல் தள்ளி மாட்டியிருக்கான் எவனோ. இடிச்சதுல கோணலாயிருக்கு, வெளிய தெரியக்கூடாதுன்னு ஸ்டீரிங்க மட்டும் நேராக்கிட்டான். மூஞ்சி வீங்கினா கண்ணாடியத் திருப்பி வைக்கற வேலை! இது தள்ளிப் போனா இண்டிகேட்டரும் நேரத்துக்கு அணையாதே. ரைட்டுல போட்டா அணையாம அடிச்சுட்டே இருந்திருக்குமே?"

அப்பா ரேடியோவின் உள்ளங்கையில் இருந்த, ஹாரன் மூடியின் ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். பித்தளை நிறம், தலையில் நட்சத்திரப் பள்ளம். காருக்கு உரியது இல்லை. ஃபிரிட்ஜ் கதவுக்குப் போடுவது. கடை மூடியபோது அண்ணன் ஒரு டப்பா நிறைய வீட்டுக்கு எடுத்து வந்தான். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரி, குளியலறைத் தாழ்ப்பாள், என் ஜன்னல் கொக்கி எல்லாம் அந்த ஸ்க்ரூவில்தான் நிற்கின்றன.

நண்பனுக்கு வீடு மாற்ற வேண்டும் என்று அண்ணன் ஒரு நாள் காரை எடுத்துப் போனது எனக்கு ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, சொல்லாமலே வண்டியைக் கழுவி வைத்தான். கழுவாத பிள்ளை கழுவியது என்று அம்மா ரெண்டு நாள் பெருமை பேசினாள்.

"யாருண்ணே இதுல கை வச்சது?"

"பழைய வண்டிதான. யார் யாரோ கை வச்சிருப்பாங்க" என்றார் அப்பா. "மூடிடு. ஆர்மை அப்புறம் மாத்தலாம். அந்த ஸ்க்ரூவ மட்டும் எங்கிட்ட குடு."

ரேடியோ அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு நாங்கள் கிளம்பும்வரை அவன் வாயே திறக்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா மெதுவாக ஓட்டினார். பாதி வழியில் சொன்னார், "இடிச்சது தப்பில்லமா. நானும் இடிச்சிருக்கேன். பயந்துபோய் ஸ்டீரிங்கத் திருப்பி மாட்டியிருக்கான். அதுவும் சரி." வலது பக்கம் ஒரு திருப்பம் வந்தது. இண்டிகேட்டர் அணையாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா அதைக் கையால் தட்டி அணைத்தார். "ஆனா டீச்சர் போன் பண்ணினப்போ அவன் அங்கதான உக்காந்திருந்தான்."

வீட்டில் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். "என்ன சொன்னான் ரேடியோ?"

அப்பா உள்ளே வந்து உட்கார்ந்து ஸ்க்ரூவை எடுத்து மேஜைமேல் வைத்தார். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும், சாவி அவர் கையிலேயே இருந்திருக்கும், அண்ணனும் பிள்ளையாகவே இருந்திருப்பான்.

அண்ணன் ஸ்க்ரூவைப் பார்த்தான். காது சிவந்தது. "இது எங்க கெடந்துது?" என்றான்.

"ஸ்டீரிங்குக்குள்ள" என்றேன் நான். வீட்டில் நான் பேசுவதே அபூர்வம், அதனால் அம்மாவும் சேர்ந்து மூன்று பேரும் திரும்பினார்கள். "அதக் கழட்டித் தள்ளி மாட்டியிருக்காங்க. அது உன் ஸ்க்ரூ."

"பழைய வண்டி. யார் யாரோ கை வச்சிருப்பாங்க" என்றான் அண்ணன்.

அப்பா அவனைக் காப்பாற்றச் சொன்ன அதே வார்த்தைகள். அப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தார், பிறகு அவன் பக்கமே பார்க்கவில்லை.

"உனக்கென்னடி தெரியும் ஸ்டீரிங்கப் பத்தி? ஒழுங்காப் படிக்கவும் துப்பில்ல, இப்ப கூடப்பொறந்தவன்மேல பழி போட வந்துட்டா" என்றாள் அம்மா. மேஜையிலிருந்து ஸ்க்ரூவை எடுத்தாள். "அலமாரிக்கு ஒண்ணு குறையுதுன்னு எத்தன நாளாச் சொல்றேன்." ரேடியோ என்ன சொன்னான் என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்பா சாவியை மேஜைமேல் வைத்து அண்ணன் பக்கம் தள்ளினார்.

மறுநாள் அண்ணன் காரை ரேடியோவிடம் கொண்டுபோகவில்லை, வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோனான். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வண்டியைச் சரிபண்ணிக்கொண்டு திரும்பிவிட்டான். ரேடியோவுக்குக் கோளாறைத் தேடவே அதைவிட அதிக நேரம் பிடித்தது. அண்ணனுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பெரிய டீச்சர் மறுபடி போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "உங்க பையன் ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து நூல் புடிச்ச மாதிரி போகுதுங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும், குடுங்க."

அப்பா போனை வாங்க வலது கையை நீட்டினார். தோள் இன்னும் வலிக்கிறது, இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நல்லவேளை, சரியான நேரத்துல நிறுத்திக்கிட்டீங்க. எத்தன பேருக்கு இந்த மனசு வரும்?"

"ஆமாங்க டீச்சர்" என்றார் அப்பா.

அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.