ஓட்டுக்குள் வளர்ந்த பச்சை

என் வீட்டுக்காரருக்குக் கழுவும் வியாதி. வீட்டில் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவுவார். ஆய்வுக்கூடத்தில் கடலடி மண்ணைக் கழுவுவது அவர் வேலை. இரண்டு இடத்திலும் நான் அவரோடுதான் குப்பை கொட்டுகிறேன்.

கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியில், புது மண் அதிகம் வந்து மூடாத இடங்களில், செத்துப்போன நுண்ணுயிர்களின் ஓடுகள் கிடக்கும். கடுகைவிடச் சிறியவை. அவற்றின் அறைகளுக்குள் இரும்பும் பொட்டாசியமும் சேர்ந்து பச்சையாக ஒரு களிமண் கனிமம் வளரும். முழுசாக வளர லட்சம் வருஷம்கூட ஆகும். கெடுக்க என் வீட்டுக்காரருக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

எங்கள் இயக்குநரோ, அந்தப் பச்சை ஆறு அடித்துக்கொண்டு வந்த பழைய மணல்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். அது அங்கேயே வளர்ந்தது என்று இன்று காட்டாவிட்டால், அடுத்த ஆய்வுக் கப்பல் பயணம் வேறு குழுவுக்குப் போய்விடும். பச்சை பாதி நிரம்பிய ஓடுகள்தான் எனக்கிருந்த ஒரே சாட்சி. ஒரு புட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

வந்து பார்த்தால் புட்டி பளபளவென்று கவிழ்ந்திருக்கிறது.

"ஏங்க, இதுல இருந்தது எங்க?"

"ஒரே ஓடா இருந்துச்சு. அமிலத்துல போட்டு எடுத்துட்டேன். எல்லா மண்ணுக்கும் அப்படித்தானே பண்றோம்? கரையாம மிஞ்சினது அந்தக் கிண்ணத்துல இருக்கு."

"ஓடு வேணும்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே."

"நீ எல்லாத்தையும் தலையில அடிச்சுக்கிட்டுத்தான் சொல்ற. இதுல எது முக்கியம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் கிண்ணத்தில் இருந்ததை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். முற்றாத பச்சை மெத்தென்றிருக்கும். அமிலம் நுரைத்த வேகத்தில் உதிர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

உதிரவில்லை. ஓடு மட்டும் கரைந்துபோய், உள்ளே வளர்ந்தது அறை அறையாக, சுருள் சுருளாக அப்படியே நின்றது, அச்சில் வார்த்து எடுத்ததுபோல. ஆற்றில் உருண்டு வந்த மணலுக்கு இந்த வடிவம் ஒருநாளும் வராது. ஓடு இருந்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

இயக்குநர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "சரி, நீங்களே கப்பல்ல போங்க," என்றார். "ஓட்டை இவ்வளவு பக்குவமா எடுத்தது யாரு?"

கையைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் தொட்டியருகே நின்று அந்தப் புட்டியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

இனி ஆயுசுக்கும் அந்த மனுஷனிடம் கழுவாதே என்று என்னால் சொல்ல முடியாது.