மாப்பிள்ளைக்குக் காய்ச்சிய பீர்

கதிருக்குக் கோபம் வந்தால் முதலில் கை போகும். புத்தி பின்னால் ஆடி அசைந்து வரும், வந்தால். நாடு விட்டு வந்து நியூ லின்னில் குடியிருந்துகொண்டு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் முப்பத்தாறு வயது மனுஷனுக்கு இது அழகா என்று அவன் மனைவி அஞ்சனா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். ஆனால் ஜூன் மாதத்து அந்த வெள்ளிக்கிழமை அவன் கை போனதற்கு யாரும் அவனைக் குறை சொல்லிவிட முடியாது.

அன்று காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் தங்கை லக்ஷ்மிப்ரியா நிற்கிறாள். புருஷன் ராம்பிரசாத்தோடு ஊரின் இன்னொரு பக்கம் ஒடாஹுஹுவில் குடித்தனம் நடத்துகிறவள், ரயில் மாறி மாறி, மழையில் தொப்பலாக நனைந்து, கையில் ஒரு பைகூட இல்லாமல் வந்திருக்கிறாள். தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவை அஞ்சனா மெல்ல எடுத்தாள். இடது காது மடல் தோடு இருந்த இடத்திலிருந்து கீழ்வரை பிளந்து, இரண்டு துண்டாகத் தொங்கியது. கழுத்தில் நாலு விரல் பதிந்து கன்றிப் போயிருந்தது.

"நேத்து ராத்திரி அம்மாகூட போன்ல பேசிட்டிருந்தேண்ணே. அவர் கூப்பிட்டது கேக்கல. உனக்குக் காது எதுக்குடின்னு தோட்டைப் பிடிச்சு இழுத்துட்டார்" என்றாள். அழவில்லை. அழுகையெல்லாம் ரயிலிலேயே முடிந்துவிட்டது போலிருந்தது.

கதிர் கார் சாவியை எடுத்தான். அஞ்சனா குறுக்கே நின்றாள், தள்ளிவிட்டுப் போனான். ராம்பிரசாத் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். கார் நிறுத்துமிடத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்வதற்குள் கதிர் குத்தினான். முதல் குத்தில் உதடு கிழிந்தது, இரண்டாவதில் முன்பல் ஒன்று உடைந்து தரையில் விழுந்தது. சட்டையைப் பிடித்துத் தூக்கி காரின் பானெட்டில் முகத்தை இரண்டு முறை மோதினான். மூன்றாம் முறை மோதப்போகும்போது ராம்பிரசாத் சிரித்தான். படுபாவி, வாய் நிறைய ரத்தத்தோடு சிரித்தான்.

"போதும் மச்சான். மேல பாரு, கேமரா இருக்கு. உன் ரெசிடென்ட் விசா இன்னும் வரல இல்ல? ஒரு அடிதடி கேஸ் விழுந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

கதிரின் கை அந்தரத்தில் நின்றது. புத்தி வந்துவிட்டது, அதுவும் வரக்கூடாத நேரத்தில்.

அன்றைக்குப் பிரியாவின் காதுக்கு ஏழு தையல் போட்டார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் அவளே சொன்னாள். இந்தப் பொய் அவளுக்குப் புதிதில்லை. போன வருஷம் மணிக்கட்டு உடைந்தபோதும் அவள் வழுக்கித்தான் விழுந்தாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைத் திருப்பி அனுப்பிடாதேண்ணே. அடுத்த தடவை காதோட நிக்காது."

"அனுப்ப மாட்டேன்" என்றான் கதிர். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான்.

ஒரு வாரம் கழித்து கரூரிலிருந்து அம்மா அம்புஜம் போன் செய்தாள். மாப்பிள்ளை பேசினாராம். பெரிய மனசு பண்ணி போலீசுக்குப் போகாமல் இருக்கிறாராம். அவரே வீட்டுக்கு வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போவாராம். மச்சான் விருந்து வைக்க வேண்டும், பொங்கலுக்குக் கொடுத்தானே அந்தப் பொன்னிற பீர், அதைத் தன் கையால் காய்ச்சி வைக்க வேண்டும், பிரியா கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அவ்வளவுதானாம். பல் உடைபட்டவன் கேட்கிற மரியாதை.

"ஆனி முடியறதுக்குள்ள அனுப்பிடுப்பா" என்றாள் அம்மா. "ஆடி பொறந்துட்டா அனுப்ப முடியாது. ஆவணி வரைக்கும் கட்டிக்குடுத்த பொண்ணு உன் வீட்டுல உட்கார்ந்திருந்தா ஊர் என்ன பேசும்?"

"காதைக் கிழிச்சிருக்கான்மா."

"தச்சாச்சில்ல, ஒட்டிக்கும்."

கரூரில் இருக்கிறவளுக்கு ஆனி, ஆடி எல்லாம் கொதிக்கிற வெயிலோடு வருகிறது. இங்கே, பூமியின் தென்பாதியில், ஆனி என்றால் நடுக்குளிர். ஆனாலும் ஆடி ஆடிதானே. கதிர் காலண்டரைப் பார்த்தான். ஆனியின் கடைசி சனிக்கிழமைக்குப் பதினைந்து நாள் இருந்தது. இன்னும் வராத விசா இருந்தது, கேமரா இருந்தது, அம்மா இருந்தாள். தங்கைக்குக் கொடுத்த வாக்கு இவர்களுக்கெல்லாம் பின்னால் போய் நின்றுகொண்டது.

"இங்க இந்த மாதிரி பொண்ணுங்களுக்கு உதவி பண்றவங்க இருக்காங்க. ஒரு போன் போட்டா வருவாங்க" என்றாள் அஞ்சனா.

"குடும்ப மானத்தைக் கண்டவங்ககிட்ட விக்கச் சொல்றியா?" என்று அவன் சுவரில் குத்தியதில் அட்டைச் சுவர் உள்வாங்கி, முழங்கை வரைக்கும் போகிற மாதிரி ஓட்டை விழுந்தது. பிரியா அடுத்த அறையில் இருந்தாள். அந்தச் சத்தத்துக்கு அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலையே பீர் கிட் வாங்கி வந்தான். கோல்டன் ஏல், ஒரு தகர டப்பா, ஒரு பை சர்க்கரை, ஒரு பொட்டலம் ஈஸ்ட். வேலையில் கெட்டிக்காரன், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். டிரம்மைக் கழுவிக் கிருமி நீக்கினான். தேன்போல் கெட்டியாக இருந்த மால்ட் பாகைக் கொதிநீரில் கரைத்துச் சர்க்கரை சேர்த்தான். குளிர்ந்த தண்ணீர் விட்டு இருபத்து மூன்று லிட்டராக்கி, மேலே ஈஸ்டைத் தூவி மூடி, கராஜில் வைத்தான். மூடியில் செருகிய குழாயில் பாதி தண்ணீர் இருக்கும். உள்ளே நுரைத்துப் புளிக்கப் புளிக்க அதில் குமிழ் வரும். மூன்று நாள் குமிழ் வந்தது. அப்புறம் ராத்திரிக் குளிர் ஐந்து டிகிரிக்கு இறங்கியது. ஆறாம் நாள் குமிழ் நின்றுவிட்டது.

"முடிஞ்சுது, பாட்டில்ல ஊத்திடலாம்" என்றான்.

அஞ்சனா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். சர்க்கரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் கண்ணாடி மிதவையை எடுத்துப் பீரில் விட்டாள். ஆயிரத்து இருபது காட்டியது. டப்பாவோடு வந்த தாளில் ஆயிரத்துப் பத்துக்கு அருகே வந்து, இரண்டு நாள் அசையாமல் நிற்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"புளிச்சு முடியலங்க. குளிர்ல ஈஸ்ட் தூங்குது. இதைப் பாட்டில்ல அடைச்சா சூடு பட்டதும் முழிச்சுக்கும், அப்புறம் கேஸ் போக வழி இருக்காது."

"இன்னும் ஒரு வாரம் விட்டா ஆனி முடிஞ்சுடும்."

சொல்லிவிட்டு முப்பது கண்ணாடி பாட்டில்களில் நிரப்பினான். நுரை வேண்டும் என்பதற்காக வழக்கம்போல் ஒவ்வொன்றிலும் இரண்டு சர்க்கரை வில்லை போட்டு, மூடியை அழுத்தி அடைத்தான். சீக்கிரம் தயாராகட்டும் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய் வீட்டுக்குள் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் அடுக்கினான். அந்த வீட்டிலேயே எப்போதும் சூடாக இருக்கிற இடம் அதுதான். பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பீர் அடைத்த முதல் மனுஷன் உலகத்தில் இவனாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் அலமாரிக்குள் ஒரு பாட்டில் வெடித்தது. பட்டாசு இல்லை, துப்பாக்கி சுட்ட சத்தம். அலமாரிக் கதவின் உட்புறம் கட்டைவிரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று ஆழமாகக் குத்தி நின்றது.

"எல்லாத்தையும் வெளிய வைங்க. கொட்டிடுங்க. மாப்பிள்ளைக்குக் கடையில வாங்கிக்கலாம்" என்றாள் அஞ்சனா.

"நான் காய்ச்சினதுதான் வேணும்னு சொல்லியிருக்கான். ஒரு பாட்டில் வீக்கா இருந்திருக்கு, அவ்வளவுதான்."

நாலு பாட்டில்களைத் துண்டில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தான். குளிரில் வைத்தால் அடங்கிவிடும் என்று நினைத்தான். மற்றவற்றின்மேல் பழைய கம்பளியைப் போட்டு மூடினான். பயம் இல்லாமல் இல்லை. ராம்பிரசாத்திடம் அவனுக்கு இருந்த பயம் அதைவிடப் பெரியது.

சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். புதுச் சட்டை, புதுப் பல். சோபாவில் காலை விரித்து உட்கார்ந்துகொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவர் ஓட்டையைப் பார்த்ததும் பல்லைக் காட்டினார்.

"இங்கயும் நடக்குது போலிருக்கே மச்சான்."

கதிருக்குக் காது சூடானது. விழுங்கிக்கொண்டான். மட்டன் பிரியாணி வாசனை வீடெங்கும் அடித்தது. "சாப்பாடு இருக்கட்டும். முதல்ல பீர். பிரியா எங்க, அவளைக் கொண்டுவரச் சொல்லு" என்றான் ராம்பிரசாத்.

சமையலறையில் பிரியா ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றிருந்தாள். காதில் தையல் பிரித்த வடு சிவந்து கிடந்தது.

"நான் போகமாட்டேண்ணே. பீரும் குடுக்கமாட்டேன், அவர்கூடவும் போகமாட்டேன். நீ சொன்னியே."

"ஒரு பாட்டில் கொண்டுபோய் வை. மத்ததை நான் பேசிக்கறேன்."

"நீ என்ன பேசுவே? அவர் கால்ல விழாத குறைதான். அவரைப் பார்த்தா பயப்படறே. அதான் என்னைத் தள்ளிவிடறே."

உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது. கதிரின் கை போனது. பளாரென்று விழுந்த அறையில் பிரியாவின் தலை ஃபிரிட்ஜ் கதவில் மோதியது. வலது கன்னத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து எழும்பின. வாசலில் நின்றிருந்த அஞ்சனாவின் கையிலிருந்து தட்டு நழுவியது. பிரியா அவனை நிமிர்ந்து பார்த்தாள், ரொம்பத் தெரிந்த எதையோ பார்ப்பதுபோல. கதிர் அந்தப் பார்வைக்கு நிற்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து அவள் கையில் திணித்து, தோளைப் பிடித்து ஹாலுக்குத் தள்ளினான்.

அவள் போனாள். பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு போய், குனிந்து, சோபாவுக்கு முன்னால் இருந்த கண்ணாடி மேஜையில் வைத்தாள். அடிப்பாகம் மேஜையில் லேசாகத்தான் தட்டியது.

வெடித்தது. மேஜையும் சேர்ந்து நொறுங்கியது. நுரை கூரை வரை அடித்துச் சொட்டியது. பிரியாவின் வலது உள்ளங்கை கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை திறந்துகொண்டது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அடுத்த நொடி அதை ரத்தம் மூடியது. புருவத்துக்கு மேல் ஒரு சில்லு குத்தி நின்றது. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தாள்.

ராம்பிரசாத் துள்ளி எழுந்தான். தொடையில் சின்னக் கீறல். "என்னைக் கொல்லப் பார்க்கறியாடி" என்று அவள் விலாவில் ஓங்கி உதைத்தான்.

அவ்வளவுதான். கதிர் அவன்மேல் பாய்ந்தான். இரண்டு பேரும் கண்ணாடிச் சில்லுகளின்மேல் உருண்டார்கள். ராம்பிரசாத் அவன் தோளைக் கடித்தான். கதிர் அவன் மூக்கில் நெற்றியால் முட்டினான், எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. உடைந்த பாட்டிலின் கழுத்து கையில் கிடைத்தது. அதை எடுத்து ராம்பிரசாத்தின் தொண்டையில் வைத்து அழுத்தினான். ஒரு துளி ரத்தம் கோடாக இறங்கியது. "அவளைத் தொட்டே, அவளைத் தொட்டே" என்று திரும்பத் திரும்பக் கத்தினான். தங்கைக்காகத்தான் சண்டை போடுகிறோம் என்று அந்த முட்டாள் மனதார நம்பினான்.

"கொல்லு மச்சான். ஜெயில்ல விசா தேவைப்படாது" என்றான் ராம்பிரசாத்.

மூச்சு வாங்க கதிர் திரும்பிப் பார்த்தபோது ஹாலில் வேறு யாரும் இல்லை. பிரியா உட்கார்ந்திருந்த இடத்தில் ரத்தமும் பீரும் கலந்து தேங்கியிருந்தது. அங்கிருந்து வாசல் வரை சொட்டுச் சொட்டாக ஒரு கோடு போனது. வெளியே அஞ்சனாவின் காரைக் காணோம். அவர்கள் எப்போது போனார்கள் என்று இரண்டு ஆம்பிளைகளுக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரியாவைத் திரை போட்ட ஒரு கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். கை முழுக்கக் கட்டு. கட்டைவிரல் நரம்பு அறுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும். அஞ்சனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதிர் உள்ளே வந்ததை இருவரும் பார்த்தார்கள். சமோவாத் தீவுக்கார நர்ஸ் ஒருத்தி, வயதானவள், எழுதுகிற அட்டையோடு நின்றிருந்தாள்.

"பிரியா, பீர் பாட்டில் தானா வெடிச்சதுன்னு சொல்லும்மா" என்றான் கதிர் தமிழில், அவசரமாக. "அதுதானே உண்மை. மத்த எதுவும் வேண்டாம். அண்ணன் உன்னை எங்கயும் அனுப்பல. சத்தியமா."

நர்ஸ் அவனைப் பார்த்தாள். பிறகு பிரியாவிடம், இவர் யார், இவர் இங்கே இருப்பது உனக்குச் சம்மதமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பிரியா கன்னத்தை விளக்குப் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஐந்து விரலும் இன்னும் அழியவில்லை. ஒரு வார்த்தை தடுமாறாமல் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். "இவர் என் அண்ணன். கையைக் கிழித்தது பாட்டில். கன்னத்தில் இருப்பது இவர் கை. காதைக் கிழித்தது என் கணவர். நான் எங்கேயும் வழுக்கி விழவில்லை. இரண்டு பேர் வீட்டுக்கும் என்னை அனுப்பாதீர்கள்."

"அஞ்சனா, நீயாவது சொல்லு" என்றான் கதிர்.

"நான் பார்த்ததை அப்பவே சொல்லிட்டேன்" என்றாள் அஞ்சனா. "எழுதிக்கிட்டாங்க."

நர்ஸ் மரியாதையாகத்தான் சொன்னாள், வெளியே போய்க் காத்திருக்கச் சொல்லி. கதிர் வெளியே வந்தான். காத்திருக்கும் கூடத்தில் நல்ல கூட்டம். மூலையில், மூக்கில் பஞ்சும் தொண்டையில் பிளாஸ்திரியுமாக ராம்பிரசாத் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்து நாற்காலி மட்டும்தான் காலியாக இருந்தது.

"உன்னையும் வெளிய அனுப்பிட்டாளா மச்சான்?" என்று கேட்டான்.

கதிர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.