இடப்பக்கம் திரும்பாத சைக்கிள்

லலிதாம்பிகைக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். ஆனால் வலப்பக்கம் மட்டும்தான் திரும்பத் தெரியும். சிரிக்காதீங்க கண்ணுங்களா, சொல்றேன்.

சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நாலு தேர்வீதிகள். கீழவீதியின் தென்கோடியில், கோயில் பக்க வரிசையில் அவள் வீடு. அண்ணாமலை நகரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் ஆபீசில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சைக்கிளில் தானே போய்வருவதானால் போகட்டும், ஆட்டோ, பஸ் என்றால் வேண்டாம் என்றார் புருஷன் சபேசன். நாற்பது வயசுக்கு மேல் இவள் எங்கே கற்றுக்கொள்ளப் போகிறாள் என்கிற தைரியம்.

சொல்லிவிட்ட பாவத்துக்கு அவரே தினமும் காலையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். கோயில் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். எல்லா முக்கிலும் வலப்பக்கம்தான் திருப்பம். ஒருநாள் ஹேண்டில்பார் இடப்பக்கம் சாய்ந்ததற்கு, "சாமிய இடமா சுத்தக் கூடாது" என்று வெடுக்கென்று திருப்பிவிட்டார். அதிலிருந்து அவள் உடம்பு அந்தப் பக்கம் சாயவே மறுத்தது.

மற்றதெல்லாம் அவளாகப் பழகிக்கொண்டது. செயினுக்கு முதலில் தேங்காயெண்ணெய் விட்டாள். தெருப்புழுதி மொத்தமும் அதில் அப்பிக்கொண்டது. துடைத்தெடுத்து, தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறினாள். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்காமல், பிரேக் பிடிக்கிறதா என்று தள்ளிப் பார்க்காமல் கிளம்ப மாட்டாள். ஏறுவது மட்டும் வாசற்படியில் காலை ஊன்றித்தான். வழியில் இறங்கினால் மறுபடி ஏறத் தெரியாது.

வேலைக்குச் சேரும் நாள் பத்து மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று ஹாஸ்டலிலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள். கிளம்பினாள். வழக்கம்போல் தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி, மறுபடி கீழவீதி. அண்ணாமலை நகருக்கு வழியான, ரயிலடிப் பக்கம் போகிற தெரு வந்தது, இடப்பக்கம். கை இரும்பாகிவிட்டது. தெரு பின்னால் போய்விட்டது.

அடுத்த சுற்றில்தான் கவனித்தாள். வெளியே போகிற தெரு ஒவ்வொன்றும் இடப்பக்கமே இருந்தது. வலப்பக்கம் திரும்பினால் கோயில் மதில்தான். நாலு வீதிக்குள் அவளைப் போட்டு மூடிவைத்த மாதிரி இருந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. முதுகெல்லாம் வியர்வை. தெற்கு வீதியில் தன் பாத்திரக்கடை வாசலில் நின்றிருந்த சபேசன் சத்தமாகவே கேட்டார்:

"இன்னுமா போகல? சாமிய சுத்துறதுக்கா சம்பளம் தர்றாங்க?"

கடைப்பையன்கள் சிரித்தார்கள். அவள் நிற்காமல் கடந்து போனாள். இன்னொரு சுற்று வந்து, வீட்டு வாசலில் பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டாள்.

உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் சைக்கிளைத் திருப்பிப் படியோரம் நிறுத்தினாள். அது வடக்குப் பார்த்து நின்றது. அப்படியே நின்றவள் தெருவைப் பார்த்தாள். ரயிலடித் தெரு இப்போது வலப்பக்கம் இருந்தது.

வாசற்படிக்கு இடதுகால் வந்தது. ஊன்றிப் பழகாத கால்; இத்தனை நாளும் வலதுகால்தான். ஏறிவிட்டாள்.

எதிரே பூ விற்கிற ஜெயராணி பதறிப் போனாள். "அக்கா, இடமா போறியேக்கா."

"சுத்தப் போகல ஜெயராணி. வெளிய போறேன்."

கோயில் இடக்கைப் பக்கம் வந்தது. அவள் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். தெருமுனையில் எதிர்வண்டி போகட்டும் என்று வேகத்தைக் குறைத்து, கை காட்டி, வலப்பக்கம் சாய்ந்தாள். சைக்கிள் சொன்னபடி கேட்டது. வீதி முதுகுப் பக்கம் போனது.

பாதித் தெரு போன பிறகுதான் உறைத்தது: திரும்பி வரும்போது வீட்டுக்கு இடப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். அது சாயங்காலத்துக் கவலை என்று பெடலை அழுத்தி மிதித்தாள்.