நீலக் காக்கா

சுமேதா, அக்கா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது, உனக்கு எழுதுகிறேன். படித்ததும் அழித்துவிடு.

சுலபா அக்காவுக்கு இருபத்துமூன்று வயது. புத்தி ஏழு வயதுக்கு மேல் வளரவில்லை என்று பள்ளியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பத்தொன்பது. என் புத்தியைப் பற்றி அப்பா தான் வேலை பார்க்கும் சர்க்கரை ஆலை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் அக்கா குழாயடிக்குக்கூடத் தனியாகப் போகக் கூடாது. நான் கராடு டவுன் காலேஜ் வரை பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டு இருட்டியபின் வரலாம். புத்தியுள்ள பெண்ணுக்கு என்ன பயம்?

மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தால் 'காக்கா தொட்டுவிட்டது' என்று குழந்தைகளிடம் சொல்வோம் இல்லையா? வளர்ந்தபின் நாமெல்லாம் நம்புவதை விட்டுவிட்டோம். அக்கா விடவில்லை. காக்கா தன்னைத் தேடி வருவதில் அவளுக்குப் பெருமை. வந்த அன்று சமையலறை காலண்டரில் சிவப்புப் பென்சிலால் ஒரு காக்கா வரைவாள். நான் மூலைப் பாயில் உட்கார்ந்தால் நீலக் காக்கா.

போன வாரம் காக்கா வந்ததைத் தபால்காரரிடமும் சொல்லிவிட்டாள். அன்று சாயந்திரமே இந்து அத்தை வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கர்ப்பப்பையை எடுத்துடு அண்ணி. கரும்பு வெட்டப் போறவளுங்க எத்தனை பேரு எடுத்துட்டு வேலைக்குப் போறாளுங்க. இவளுக்கு எதுக்கு அது, அலங்காரத்துக்கா?"

அம்மா இரண்டு நாள் அழுதாள். எவனாவது அக்காவைக் கெடுத்துவிட்டால், தான் செத்தபின் பிள்ளையும் கையுமாக அவள் எங்கே நிற்பாள் என்பது அம்மாவின் பயம். அந்தப் பயம் பொய்யில்லை. மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டாள். டாக்டரிடம் எடுத்துச் சொல்லப் படித்தவள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனாள். சொல்ல வேண்டியதை நான் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பரூல்கர் டாக்டர், என்னையும் அம்மாவையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து, கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அக்கா பையிலிருந்து காலண்டரையே எடுத்து மேசையில் வைத்தாள். கயிறோடு கழற்றி வந்திருக்கிறாள். ஆறு மாதக் கணக்கு, ஒருநாள் பிசகில்லை.

டாக்டர் படங்களைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்தப் பையை வெட்டி எடுத்தால் இப்படி, மூன்று மாத ஊசி போட்டால் இப்படி, தினம் மாத்திரை என்றால் இப்படி. ஒவ்வொன்றுக்கும் பிறகு, புரிந்ததா என்று கேட்டார். அக்கா இல்லை என்றால் மறுபடி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு மூன்று தடவையும் கேட்டேன். என்னிடம் இதையெல்லாம் யாருமே சொன்னதில்லை, சுமேதா. புத்தி இருக்கிறதே.

"பையை எடுத்துட்டா காக்கா வராதா?" என்றாள் அக்கா.

"வராது."

"அப்ப வேணாம். ஊசியும் இப்ப வேணாம். வேணும்னா வந்து சொல்றேன்."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அம்மா கையைக் கூப்பினாள். அவள் சொல்வதை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளலாமா என்று கெஞ்சினாள்.

"அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு, வேணாங்கறாங்க. பையை எடுத்துட்டா பிள்ளைதாம்மா வராது, வம்பு பண்றவன் வருவான்" என்றார் டாக்டர். பிறகு காலண்டரைப் புரட்டினார். "இந்த நீலக் காக்கா யாரோடது?"

"வைஜூவோடது. போன மாசம் வரல, இந்த மாசமும் வரல. கோவிச்சுக்கிச்சு."

அம்மா சிரித்துவிட்டாள். "ராத்திரி பகலா படிக்கிறா டாக்டர், உடம்புச் சூடு."

டாக்டர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை என்னை வரச் சொன்னார், சூட்டைப் பார்த்துவிடலாம் என்று.

ஓங்காரை உனக்குத் தெரியும். உயிரியலில் முதல் மார்க் வாங்குகிறவன். ஒன்றும் ஆகாது என்று அவன் சொன்னான், நானும் நம்பினேன். மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை.

அத்தை நாளை வருகிறாள். வந்ததும் காலண்டரைத்தான் பார்ப்பாள். அதனால் சற்றுமுன் அக்காவிடம் நீலப் பென்சிலைக் கொடுத்து, ஒன்று வரைந்துவிடு, ஜிலேபி வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வந்துச்சா?"

"இல்லக்கா."

"வராம எப்படிடி வரையறது? டாக்டர் பாப்பாங்கல்ல?" என் முகத்தையே பார்த்தாள். "பயமா இருக்கா? நானும் வரேன். மெதுவாத்தான் சொல்லுவாங்க. புரியலன்னா இன்னொரு தடவ கேட்டுக்கலாம்."

திங்கட்கிழமை அக்காவையும் மறுபடி காட்ட வேண்டும், நீ வர வேண்டாம், நானே கூட்டிப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். உடனே சரி என்றாள். அவளைத் தனியாக அனுப்பத்தான் அம்மாவுக்குப் பயம். கூடப் போகிறவள் நான் என்றதும் பயம் போய்விட்டது.