சிக்கு

ஆண்கள் தேனெடுக்கக் காட்டுக்குள் போயிருக்கும் நாட்களில் எங்கள் சுந்தரவனத்துப் பெண்கள் தலைவாரக் கூடாது. வாரினால் புலி அடித்துவிடுமாம். பக்கத்து வீட்டு நிபாரணைப் புலி அடித்துவிட்டது. படகு அவன் சட்டையோடு திரும்பியது.

அவன் மனைவி மயனாவிடம் மாமியார் கேட்டாள். "சீப்பைத் தொட்டியா?"

"இல்லம்மா. தலையைப் பாருங்க, சடை பிடிச்சுக் கிடக்கு."

ஊரே பார்த்தது. திருட்டுத்தனமாகத் தினமும் வாரியவள் நான். என் புருஷன் முழுசாகத் திரும்பிவந்து தின்னக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கிழவி கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பேசினாள். "நீ வாராமலே அவன் செத்தான்னா, நோன்புக்குப் பலனில்லைன்னு ஆயிடும். அப்புறம் சின்னவனை எந்தத் தைரியத்துல காட்டுக்கு அனுப்புவேன்? அவன் போகலைன்னா உன் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா? நீயே யோசிச்சுச் சொல்லு."

மயனா அணைந்த அடுப்பைப் பார்த்தபடி யோசித்தாள். குழந்தைகள் இரண்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வாரினேம்மா" என்றாள்.

கிழவி எழுந்து, அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அறைந்தாள். அடித்து ஓய்ந்ததும் கையை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் சிக்கில் மாட்டிக்கொண்டு வரவேயில்லை.